ஈட்டிய விடுப்பு



மேற்கு மாம்பலம் கேட்டுப் பழகிய பேட்டை. அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் கேட்டு வளர்ந்த காதுகள் இங்கே நிறைய இருக்கின்றன. நான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அவ்வளவு உயரத்தில் இல்லை. அது உங்கள் கடைச் சுவரில், கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற தினசரி காலண்டரில் இருக்கிறது. லீவு. உங்கள் கடையில் வேலை பார்க்கிறவரின் லீவு. அதைத்தான் பேசப்போகிறேன்.

லீவைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று கேட்கலாம். முப்பது வருடமாகச் சிறு கடைகளுக்கும் சின்னச் சின்னத் தொழில்களுக்கும் கணக்கு எழுதி வருகிறவன் நான். வாடகைத் தகராறு பார்த்திருக்கிறேன். கூட்டாளிச் சண்டை பார்த்திருக்கிறேன். ஆனால் பத்து வருடம், பதினைந்து வருடம் ஒன்றாக இருந்த முதலாளியும் தொழிலாளியும் முகம் பார்க்காமல் பிரிந்த இடங்களில், பாதிக்கு மேல் அடியில் கிடந்தது லீவுத் தகராறுதான். அதனால்தான் இந்தக் கூட்டம்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், தெரு வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு சின்ன அச்சகம். நாலு பேர் வேலை. அதில் பைண்டிங் பார்த்தவர் பதினோரு வருடம் இருந்தவர். ஊருக்குப் போக வேண்டும் என்று பத்து நாள் லீவு கேட்டார். "முகூர்த்த நேரம், முடியாது" என்றார் முதலாளி. மறுபடி கேட்டார், மறுபடியும் அதே பதில். மூன்றாம் தடவை அவர் லீவு கேட்கவில்லை. "கணக்கை முடிச்சுடுங்க சார்" என்றார்.

கணக்கு முடிக்க என்னை உட்கார வைத்தார்கள். நான் வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். இல்லை. லீவு நோட்டு? இல்லை. முதலாளி நெற்றியைத் தொட்டுக் காட்டி, "எல்லாம் இங்கே இருக்கு சார்" என்றார். அப்போது அந்தத் தொழிலாளி தன் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. பிரித்துப் பார்த்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஆகஸ்ட் 15. அக்டோபர் 2. மே 1. பொங்கல். ஆயுத பூஜை. எல்லாம் சிவப்பு எழுத்துத் தாள்கள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பென்சிலில் ஒரு வரி. என்ன வேலை, எத்தனை பத்திரிகை, இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார். எண்ணிப் பார்த்தேன், 61 தாள்கள் இருந்தன.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சார்" என்றார். அந்தத் தொழிலாளி குரலை உயர்த்தவில்லை. "கேட்டா குடுக்கிறதா சார் அது?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதுதான் இன்றைய என் பேச்சு முழுவதும். கேட்டால் கொடுப்பதா அது? அல்லது கேட்காவிட்டாலும் அவருடையதா?

அந்த முதலாளி கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். அதே தொழிலாளியின் மகளுக்குப் பிரசவ நேரத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். தீபாவளிக்கு வேட்டியும் புடவையும் தவறாமல் எடுத்துக் கொடுத்தவர். ஈரம் இருந்தது. கணக்குதான் இல்லை. நம் சிறுதொழில்களில் பெரும்பாலான இடங்களில் நிலைமை இதுதான்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது?

1947. நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் அன்றைய சென்னை மாகாணத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் கடை வைத்திருப்பவருக்கு அதுதான் அடிப்படை. அதன் 25-ஆம் பிரிவை ஒவ்வொரு கடைக்காரரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஒருவர் உங்களிடம் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால், அடுத்த பன்னிரண்டு மாதத்தில் அவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. எடுக்காவிட்டால் சேரும், 24 நாள் வரை சேரும். ஈ.எல். என்கிறோமே, அது. இதற்கு மேல், சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே, உடம்புக்கு முடியாமல் போனாலோ அடிபட்டாலோ 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. அதற்கும் மேல், நியாயமான எந்தக் காரணத்துக்கும் 12 நாள் வரை சி.எல்., அதுவும் சம்பளத்தோடு. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய கணக்கு.

இன்னொரு சட்டம் 1958-இல் வந்தது. தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், பண்டிகைக்கு ஐந்து நாட்களும், ஆக ஒன்பது நாள். அன்றைக்கு வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையேல் அன்றைய சம்பளமும் தந்து, வேறொரு நாள் சம்பளத்தோடு லீவும் விட வேண்டும். அந்த மஞ்சள் பையிலிருந்து வந்த 61 தாள்களுக்கும் இதுதான் பொருள். அவர் ஞாபகார்த்தமாகச் சேர்த்து வைத்த காகிதங்களா அவை? ஒவ்வொன்றும் ஒரு கடன் பத்திரம்.

வாரத்தில் ஒருநாள் விடுமுறை தனி. அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் நம் அரசு ஆணை போட்டது. அந்த ஆணையிலும் ஒவ்வொரு ஊழியருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒருநாள் விடுமுறை என்ற நிபந்தனை உண்டு. கடை 365 நாளும் திறந்திருக்கலாம். ஆள் 365 நாளும் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் யார் கொடுத்தது? எங்கிருந்து வந்தது? தூரத்தில் தேட வேண்டாம். இதே சென்னையில் பெரம்பூரில் பின்னி ஆலை. அங்கே வேலை பார்த்தவர்கள் தங்கள் குறைகளைச் சொல்லி அழ ஒரு இடம் தேடினார்கள். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அந்தக் குறைகளில் முன்னால் நின்ற ஒன்று. அதைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் யார் தெரியுமா? செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். இருவரும் ஆலைத் தொழிலாளிகள் இல்லை. சிறு வியாபாரிகள். உங்களைப் போன்றவர்கள். அவர்கள்தான் பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதில் தோள் கொடுத்தார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று நாடு பெருமையாகச் சொல்கிறதே, அதன் தொடக்கத்தில் இரண்டு கடைக்காரர்கள் நிற்கிறார்கள். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை. கடைக்காரன் என்றால் தொழிலாளிக்கு எதிர்த்தரப்பு என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயரையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஐந்து வருடம் கழித்து, 1923 மே 1. தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம். அன்றைக்கே அவர் வைத்த கோரிக்கை, மே முதல் நாளை விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்பது. இன்றைக்கு உங்கள் காலண்டரில் அந்தத் தேதி சிவப்பாக இருக்கிறது. அந்தச் சிவப்பு மெரினா மணலிலிருந்து வந்தது.

உலகத்தையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். 1936-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் கூடி, சம்பளத்தோடு விடுமுறை என்ற உரிமையை முதன்முதலில் உடன்படிக்கையாக எழுதியது. ஓராண்டு வேலை பார்த்தவருக்கு ஆறு வேலை நாள். அவ்வளவுதான். பதினோரு ஆண்டு கழித்துச் சென்னை எழுதியது பன்னிரண்டு நாள், இரண்டு மடங்கு. அக்கரையில் இலங்கையில் 1954-இல் வந்த கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் என்கிறது. ஜப்பானில் வேறு ஒரு பிரச்சினை வந்தது. அங்கே லீவு இருந்தும் ஊழியர்கள் எடுப்பதில்லை, கேட்கக் கூச்சம். 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், வருடத்துக்கு ஐந்து நாளாவது ஊழியர் லீவு எடுத்தாரா என்று பார்ப்பதை முதலாளியின் கடமையாக்கியது. அந்தக் கூச்சம் நம்மிடம் இல்லையா? மாம்பலத்தில் இல்லையா? அந்த பைண்டிங்காரருக்கு இல்லையா?

நண்பர்களே, "ஈ.எல்." என்ற இரண்டு எழுத்துக்குத் தமிழில் ஓர் அழகான சொல் வைத்திருக்கிறோம். ஈட்டிய விடுப்பு. ஈட்டியது என்றால் என்ன? பொருள் ஈட்டினான் என்போம், புகழ் ஈட்டினான் என்போம். உழைத்துச் சேர்த்தது. நீங்கள் கொடுத்ததை யாரும் ஈட்டியது என்று சொல்ல மாட்டார்கள். அவர் சம்பாதித்தார், உங்களிடம் இருக்கிறது. அவ்வளவுதான் உங்களுக்கும் அதற்கும் உள்ள உறவு. மளிகை மொத்த வியாபாரியிடம் பாக்கி வைத்தால் பேரேட்டில் எழுதுகிறீர்கள். வங்கிக் கடனை எழுதுகிறீர்கள். மாதத் தவணையில் வாங்கிய மாவரைக்கும் இயந்திரத்தை எழுதுகிறீர்கள். உங்கள் ஆளுக்குத் தர வேண்டிய இந்தப் பன்னிரண்டு நாளை எங்கே எழுதியிருக்கிறீர்கள்? எந்தப் பக்கத்தில்?

எழுதாத கடன் என்ன செய்யும்? பொய் சொல்ல வைக்கும். லீவு கணக்கு இல்லாத கடையில் ஒவ்வொரு லீவும் ஒரு மன்றாட்டு. மன்றாட்டுக்குக் காரணம் வேண்டும். காரணம் பெரிதாக இருக்க வேண்டும். "மனசு சரியில்லை சார், ரெண்டு நாள் ஊரில் இருந்துட்டு வரேன்" என்று சொன்னால் யார் விடுகிறார்கள்? ஆகவே அப்பாவுக்கு நெஞ்சுவலி வருகிறது, அம்மா வழுக்கி விழுகிறார். நேர்மையான பையன் பொய்யனாகிறான். பிறகு நிஜமாகவே அப்பாவுக்கு நெஞ்சுவலி வரும்போது முதலாளி சந்தேகப்படுகிறார். ஒரு பையன் அப்படித் தன் தகப்பனுடைய மருத்துவமனைச் சீட்டை என் மேஜைமேல் வைத்து, "பார்த்துக்குங்க சார், நிஜம்தான்" என்று சொல்லி அழுதான். அந்தச் சீட்டைக் கையில் எடுக்கவே எனக்குக் கூசியது. சி.எல். பன்னிரண்டு நாள் அவனுடையது என்று ஒரு நோட்டில் எழுதியிருந்தால் அவன் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியிருந்திருக்காது.

சரி. இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். உங்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். "சார், மூணு பேர் வச்சிருக்கேன். ஆளுக்கு 36 நாள் லீவு விட்டா கடையை யார் பார்ப்பா?" நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்கப் போவதில்லை, கணக்குப் போடுவோம்.

ஆண்டுக்கு 365 நாள். வார விடுமுறை 52 கழித்தால் 313. பண்டிகை, தேசிய விடுமுறை ஒன்பதைக் கழித்தால் 304. மூன்று பேருக்கும் முழு லீவும் போனால் 108 நாள். 304-இல் 108. அதாவது மூன்று நாளைக்கு ஒருநாள் யாரோ ஒருவர் கடையில் இருக்க மாட்டார். கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். இதில் 36 நாள் உடம்புக்கு முடியாவிட்டால் மட்டும். நல்ல ஆரோக்கியம் உள்ளவர் அதில் பாதி கூட எடுக்க மாட்டார். இன்னொரு 36 நாள் ஈட்டிய விடுப்பு. அது முன்கூட்டியே தேதி வைக்கக்கூடியது. எப்போது போவது என்று ஜனவரியிலேயே உட்கார்ந்து பேசலாம். எதிர்பாராமல் வருவது சி.எல். ஒன்றுதான். பயம் முழுவதும் எதிர்பாராமையில் இருக்கிறது, எண்ணிக்கையில் இல்லை.

எப்போது போவது? இங்கேதான் மாம்பலம் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. நடுவில் ரயில் தண்டவாளம். இந்தப் பக்கம் நாம். அந்தப் பக்கம் ரங்கநாதன் தெரு. ஆடி மாதம் வருகிறது. அங்கே தள்ளுபடி, தலைக்குமேல் தலை. கடைக்காரப் பையனுக்கு மூச்சு விட நேரமில்லை. இங்கே நம் ஆரிய கௌடா சாலைப் பக்கம் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்களைப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை. அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கும். நடந்து போகும் தூரத்தில் ஒரே மாதம் ஒருவருக்கு மூச்சுமுட்டும் மாதம், இன்னொருவருக்குச் சும்மா இருக்கும் மாதம். சமையல்காரர்களுக்கு ஈட்டிய விடுப்பு கொடுக்க ஆடியும் மார்கழியும் இருக்கின்றன. பத்திரிகை அடிப்பவருக்கோ மார்கழியில் ஓய்வே கிடையாது, தைக் கல்யாணங்கள் அப்போதுதான் அச்சேறும்; அவருக்கு முகூர்த்தம் குறைந்த வேறு வாரங்கள் உண்டு. தையற்கடைக்குத் தீபாவளி முடிந்த மறுவாரம். பாடப்புத்தகக் கடைக்கு ஜூலைக்குப் பிறகு. உங்கள் தொழிலின் இறங்குமுகம் எந்த மாதம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்த மாதத்தைக் காட்டி, "இதில் எந்தப் பத்து நாள் வேண்டும் தம்பி?" என்று நீங்களே கேளுங்கள். அவர் கேட்டு நீங்கள் மறுப்பதற்கும், நீங்கள் கேட்டு அவர் தேர்ந்தெடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

பண்டிகைக்கு வருகிறேன். அந்த ஐந்து பண்டிகை நாட்கள் எவை? முதலாளியையும் தொழிலாளியையும் கலந்து ஆலோசித்து முடிவு செய்ய வேண்டும் என்று 1958 சட்டமே சொல்கிறது. கலந்து ஆலோசிக்கிறோமா? உங்கள் கடையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் இருப்பான். அவனுக்குத் தீபாவளியைவிட ஊர்க் கோயில் கொடை பெரிது. பீகாரிலிருந்து வந்த பையன் இருப்பான். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் அவனுக்குச் சத் பூஜை, அவன் தாய் நீரில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் விடும் நாள். ரம்ஜான் வேண்டுபவர் இருப்பார், கிறிஸ்துமஸ் வேண்டுபவர் இருப்பார். ஒரே ஒருமுறை எல்லோரையும் உட்கார வைத்து, உனக்கு எந்த நாள் பெரிய நாள் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வருடமாக உங்களிடம் இருப்பவரைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சில விஷயங்கள் தெரிந்துகொள்வீர்கள்.

உடம்புக்கு முடியாமல் போவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாம்பலம் நோயோடு போராடிய பேட்டை. யானைக்கால் கொசுவுக்குப் பெயர் போயிருந்த காலத்தில், 1950-களில் இங்கேயே லேக் வியூ சாலையில் பொதுச் சுகாதார மையத்தை மக்களே எழுப்பினார்கள். குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கும் இடம் இன்றும் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் வைத்தியம் இலவசமாகவே கிடைத்தாலும், ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று பயந்து காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவருக்கு அதனால் என்ன பயன்? காய்ச்சலோடு வந்து இட்லி மாவு அரைக்கிறவர், காய்ச்சலோடு வந்து மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர், இவர்களால் யாருக்கு லாபம்?

பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு கட்டாயம். சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். உரிய நாட்கள் சந்தா செலுத்தியிருந்தால், நோய் வரும்போது ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. "அதெல்லாம் பிடித்தம் சார், பையன்களே வேண்டாம்கறாங்க" என்று சொல்லும் முதலாளிகளை எனக்குத் தெரியும். பையன்கள் வேண்டாம் என்பது இருபத்திரண்டு வயதில். தோள்பட்டை விலகி மூன்று மாதம் படுக்கிற நாற்பது வயதில் இல்லை.

பெண்கள். துணிக்கடையில், பொடி இடிக்கும் இடத்தில், கணினி மையத்தில், மருத்துவமனை வரவேற்பில் இன்றைக்குப் பெண்கள்தான் அதிகம். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் மகப்பேறு விடுப்பு 26 வாரம், சம்பளத்தோடு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு. 2017 திருத்தத்தில் வந்தது இது. பத்துப் பேருக்குக் குறைவான கடையில் அந்தச் சட்டம் எட்டவில்லை. அங்கே வேலை பார்க்கும் பெண், ஏழாம் மாதத்தில் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறாள். "கல்யாணமாகிக் குழந்தை வந்தா நின்னுடுவாங்க சார்" என்கிறோம். அவளா நின்றாள்? முழு 26 வாரச் சம்பளமும் மூன்று பேர் உள்ள கடைக்குப் பெரும் சுமை என்பதை நான் அறிவேன். அந்தச் சுமையை அரசு ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பையும் மற்ற லீவையும் சம்பளத்தோடு தந்து, "இடம் உனக்கு இருக்கும்மா, வா" என்ற வார்த்தையையும் தரலாம். அதைத் தந்த ஒரு தையற்கடையை எனக்குத் தெரியும். அந்தப் பெண் திரும்பி வந்தார். இன்றைக்கு அந்தக் கடையில் கத்தரிக்கோல் அவர் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் பக்கத்துக் கடைகள் பல நாள் திறக்க முடியவில்லை. வெள்ளம் வடிந்து சம்பளம் போடும்போது சிலர் அந்த நாட்களை ஊழியர் லீவில் கழித்தார்கள். தவறு. கதவு மூடியிருந்தது, வர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. மழை உங்களுக்கும் நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நஷ்டத்தை, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றவரின் சி.எல்.-இல் கழிக்கலாமா?

இப்போது நோட்டுக்கு வருவோம். மென்பொருள் வேண்டாம். கைபேசிச் செயலி வேண்டாம், வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளட்டும். கோடு போட்ட ஒரு நீள நோட்டு போதும். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், சேர்ந்த தேதி. அந்தத் தேதியை மறக்காதீர்கள். பன்னிரண்டு மாதம் எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான். கீழே மூன்று பத்தி: ஈ.எல்., சி.எல்., மருத்துவ விடுப்பு. ஒவ்வொரு லீவுக்கும் தேதி, அரை நாளா முழு நாளா, மீதி எவ்வளவு. விடுமுறை நாளில் வேலை வாங்கினால் அதற்குத் தனி வரி. மாற்று நாள் கொடுத்ததும் எதிரே டிக். மாதக் கடைசியில் சம்பளக் கவர் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டி ஒரு கையெழுத்து. அவர் கையெழுத்து மட்டும் போதாது; உங்கள் கையெழுத்தும் வேண்டும். இரண்டு கையெழுத்து இருந்தால் பிறகு மூன்றாவது ஆளாக நான் வந்து உட்கார வேண்டியதில்லை.

ஈ.எல். 24 நாளைத் தாண்டிச் சேராது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். 20 நாள் ஆனதும் நீங்களே கூப்பிட்டு, "எடுத்துக்கோ, வீணாப் போயிடும்" என்று சொல்லுங்கள். சொல்லாமல் இருந்து, எல்லை தாண்டி அழியவிட்டு, சட்டப்படி சரி என்று இருந்துவிடலாம். அப்படி இருக்கிறவரிடம் நான் கணக்கு எழுத மாட்டேன்.

அந்த அச்சகத்துக்குத் திரும்பி வருகிறேன். அன்று மாலை மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கடைசி மாதம் அவர் சம்பளம் 15,600 ரூபாய். 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 600. விடுமுறை நாளில் வேலை பார்த்த 61 நாளுக்கு இன்னும் ஒருநாள் சம்பளம் வீதம் 36,600. கேட்டு மறுக்கப்பட்ட ஈட்டிய விடுப்பு, சேர்ந்தது 24 நாள், 14,400. மொத்தம் 51,000 ரூபாய். பழைய வருடங்களில் கூலி குறைவு என்று முதலாளி வாதாடியிருக்கலாம். அவர் வாதாடவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பின்பக்கத்துப் பென்சில் எழுத்தைப் படித்துக்கொண்டே இருந்தார். ஒரு தாளில் நின்றார். அது முதலாளியின் தங்கை கல்யாணப் பத்திரிகை அச்சான நாள், மே 1.

மூன்று தவணையில் முழுப் பணத்தையும் கொடுத்தார். அந்தத் தொழிலாளி ஊருக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. அவரைப் போல பைண்டிங் பார்க்க அந்த அச்சகத்துக்கு இன்றுவரை இன்னொரு ஆள் அமையவில்லை. ஆனால் அங்கே இப்போது ஒரு நீள நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் இருப்பது, புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞரின் பெயரும் சேர்ந்த தேதியும்.

நண்பர்களே, சட்டத்தில் சந்தேகம் இருந்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். நாளைக் காலை கடை திறந்ததும், முதல் போணி ஆவதற்கு முன்பே, ஒரு நோட்டு வாங்கி உங்கள் ஆட்களின் பெயரை எழுதிவிடுங்கள். சேர்ந்த தேதி ஞாபகம் இல்லையென்றால் அவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.